பானெட்டை மூடுங்க சார்... கீழே குனிஞ்சு பாருங்க!

பழைய கார் வைத்திருப்பவருக்கும் சொத்தைப் பல் வைத்திருப்பவருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பார்க்கிறவர்கள் எல்லாம், "பேசாம எடுத்துடுங்க சார்" என்பார்கள். செலவு யாருடையது என்று மட்டும் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்!

செங்கல்பட்டுப் பக்கம் இந்த உபதேசம் கொஞ்சம் ஜாஸ்தி. காரணம், மறைமலைநகர் ஃபோர்டு. 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, 2013-ல் ஈகோஸ்போர்ட்... எல்லாம் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் பிறந்த பிள்ளைகள். 2021 செப்டம்பரில், 'இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம்' என்று கம்பெனி அறிவித்தது. 2022 ஜூலையோடு மறைமலைநகரில் வண்டி வெளியே வருவது நின்றுபோனது. அவ்வளவுதான்... ஃபிகோ வைத்திருந்தவரைப் பார்த்து ஆபீஸே துக்கம் விசாரித்தது. "இனிமே ஸ்பேர் பார்ட்ஸ் எங்க கிடைக்கும்? வந்த விலைக்குத் தள்ளிடுங்க!"

தொழிற்சாலையை மூடுகிறோம் என்று சொன்ன அதே மூச்சில், சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்றும் ஃபோர்டு சொல்லியிருந்தது. கெட்ட சேதி ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓவர்டேக் பண்ணிப் போய்விட்டது. நல்ல சேதி சிக்னலில் மாட்டிக்கொண்டது! (அந்த மறைமலைநகர் ஆலையில் ஏற்றுமதிக்காக என்ஜின் தயாரிக்கப் போவதாகவும், 2029-ல் உற்பத்தி ஆரம்பமாகும் என்றும் 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. என்ஜின்தான், கார் இல்லை. அதை நம்பி ஷோரூம் வாசலில் துண்டு போட வேண்டாம்.)

இந்த வட்டாரத்துக்கு இது புதுசும் இல்லை. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது, தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு செய்தார்கள். 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெரிய கார் விட்டார்கள். 1980-கள் முடிவதற்குள் கடையைக் கட்டினார்கள். கம்பெனி போன பிறகும் ஹெரால்டுகள் ரொம்ப வருஷம் ஓடின. இன்றைக்கும் பழைய கார் கண்காட்சிகளில் பளபளவென்று வந்து நிற்கின்றன. தயாரித்தவன் கடையை மூடினான் என்பதற்காக எந்தக் காரும் மறுநாள் காலையில் படுத்துக்கொள்வதில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து முடிவு செய்வது? நம்ம ஆட்கள் பானெட்டைத் திறப்பார்கள். "நல்லா ஒரு ரேஸ் குடுப்பா" என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, சபாவில் கச்சேரி கேட்பது போல என்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள். அப்புறம் கிலோ மீட்டரைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள்.

கோயமுத்தூரில் இது போதுமாக இருக்கலாம். மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கம் வண்டி நிற்கிறது என்றால் போதாது. இங்கே காரைச் சாப்பிடுகிறது கடற்காற்று. அது உட்கார்ந்து சாப்பிடும் இடம் வண்டியின் அடிவயிறு. என்ஜின் போனால் இறக்கி வேலை பார்க்கலாம். கிளட்ச் பிளேட், ஷாக் அப்ஸார்பர், ரேடியேட்டர் எல்லாம் மாற்றலாம். வண்டியைத் தாங்குகிற எலும்புக்கூட்டை உப்பு தின்றுவிட்டால் எந்தக் கடையிலும் அதற்கு ஸ்பேர் பார்ட் கிடையாது.

கோவளம் - கேளம்பாக்கம் பக்கம் பாத்தி கட்டி உப்பு எடுத்த பூமி இது. அந்த உப்பு காற்றிலும் வருகிறது, கண்ணுக்குத் தெரியாமல். உப்புக்கு ஒரு குணம்... காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டு உப்பு ஜாடியை மழைக் காலத்தில் திறந்து பார்த்தால் தெரியும். அதே வேலையைத்தான் காரின் அடியிலும் செய்கிறது. மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு ஈரமாகவே இருக்கும். பெயிண்டில் ஒரு கல் தெறித்த கீறல் போதும். உள்ளே நுழைந்து, மேலே பளபளப்பு கெடாமல் கீழே அரித்துக்கொண்டே போகும்.

இதற்கு மருந்து சுலபம். தண்ணீர்! ஆனால் எந்தத் தண்ணீர் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். கடலோரத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீரே கரிக்கும். அதில் தினமும் காரைக் குளிப்பாட்டுவது, வண்டியை ஊறுகாய் போடுவதற்குச் சமம். நல்ல தண்ணீர் இருந்தால் வாரம் ஒருமுறை கழுவினாலே போதும். ஆனால் கூரையை மட்டும் தேய்த்துவிட்டு வரக்கூடாது. சக்கரத்துக்கு மேலே இருக்கிற குழிவு, மட்கார்டுக்கு உள்பக்கம், கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற பட்டை... அங்கேதான் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். வாட்டர் வாஷ் விடும்போது, "அண்ணே, அடியில நல்லா அடிங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். கரிக்கிற தண்ணீரை ரேடியேட்டரில் மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதற்குக் கூலன்ட் என்று ஒன்று இருக்கிறது.

ஈ.சி.ஆரில் இன்னொரு வில்லன், சவுக்கு மரம். நிழல் ஜோராக இருக்கும், சந்தேகமில்லை. ஊசி ஊசியாக உதிர்கிற அந்த இலை, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சந்தில் போய்ச் சேரும். அங்கே மழைத் தண்ணீர் இறங்க வழி வைத்திருப்பார்கள். அது அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளே வந்து, கால் மிதிக்கு அடியில் தேங்கும். ஏ.சி. போட்டதும் ஈரத் துணி வாசனை வந்தால் வாசனைத் திரவியம் வாங்க ஓடாதீர்கள். மிதியைத் தூக்கிப் பாருங்கள். கதவுகளின் அடி ஓரத்திலும் குட்டிக் குட்டி ஓட்டைகள் இருக்கும். அவையும் தண்ணீர் வெளியேறத்தான். ஒரு குச்சியால் குத்திவிட இரண்டு நிமிஷம். கதவு அடியிலிருந்து பெயிண்ட் கொப்பளித்துக்கொண்டு வருகிற கார்களில் பாதிக்கு இந்த இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை என்பது என் கணிப்பு.

ஈரக் காரின் மேல் கவர் போட்டு மூடுவதும் வேண்டாம். உள்ளே ஆவி பிடிப்பது போல ஆகிவிடும்.

சரி, உங்கள் வண்டிக்கு எவ்வளவு தூரம் முற்றிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃப்ரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். பால் கணக்குச் சீட்டு கீழே விழுந்தால் கச்சேரி வேறு மாதிரி ஆகிவிடும்.) ஒரு மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழ்ப்பட்டை, சக்கரத்தைச் சுற்றிய வளைவு என்று இரும்புத் தகடு இருக்கும் இடமெல்லாம் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் விழுந்தால், அங்கே தகடு போய், டிங்கர் கடையில் பட்டி போட்டுப் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடிப்பக்கத்தைத் தட்டுங்கள். 'டங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் பெயர் மட்டும்தான் இருக்கிறது!

முக்கியமாகப் பார்க்க வேண்டியவை, ஜாக்கி வைக்கிற இடமும், பானெட்டுக்குள் ஷாக் அப்ஸார்பர் மேலே வந்து பிடிக்கிற இடமும், பின்னால் ஸ்பிரிங் உட்காருகிற இடமும், அடியில் ஓடுகிற பிரேக் பைப்பும். பைப் அரித்தால் மாற்றலாம், உடனே மாற்றவும் வேண்டும். மேலோட்டமான செம்பழுப்புத் துருவுக்கும் பயப்பட வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் நன்றாகச் சுரண்டி, துரு எதிர்ப்பு பிரைமர் அடித்து, அதற்கு மேல் அடிப்பாகக் கோட்டிங் கொடுக்கலாம். சுரண்டாமல் துருவின் மேலேயே கறுப்பாக அடித்துக்கொடுப்பவரிடம் மட்டும் போகாதீர்கள். நோயை உள்ளே வைத்துத் தையல் போடுகிற வேலை அது. கால் மிதியில் ஓட்டை என்றால்கூடத் தகடு வைத்து வெல்டிங் செய்து ஓட்டலாம். ஆனால் ஸ்பிரிங் உட்காருகிற இடமும் ஜாக்கி முனையும் பொடிப் பொடியாக உதிர்ந்தால், என்ஜின் குயில் மாதிரி பாடினாலும் அந்த வண்டியில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். மோதும்போது தாங்க வேண்டிய இரும்பு அங்கே இல்லை.

அடிப்பாகம் தப்பித்துவிட்டதா? அப்படியானால் உங்கள் கார் இன்னும் பல வருஷம் ஓடும். மற்றதெல்லாம் சில்லறை வேலை. ரப்பர் சாமான்களுக்கு மட்டும் கிலோ மீட்டர் கணக்கு இல்லை, வயசுக் கணக்கு. டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டு என்ஜினே காலி ஆகலாம். எப்போது மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்தது. பட்டன் தேயாவிட்டாலும் கிழடு கிழடுதான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் அரசே சொன்னது. அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஓஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

'பதினைந்து வருஷம் ஆனால் பிடுங்கிக்கொள்வார்களாமே?' அது டெல்லிக் கதை. இங்கே சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிப் பாஸானால் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொள்ளலாம். 2010-ல் வந்த முதல் ஃபிகோக்களுக்கு 2025-ல் இந்தக் கட்டம் வந்தது. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய கார் என்றால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. தள்ளிப்போட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் அபராதம் ஏறும்.

இப்போது மாற்றுகிற கதைக்கு வருவோம். முதலில் ஒரு கணக்கு. 7 லட்சம் கடன், 9 சதவிகித வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 14,500. வருஷத்துக்கு ஏறக்குறைய 1,74,000 ரூபாய். உங்கள் மெக்கானிக் அண்ணன் வருஷா வருஷம் அவ்வளவு பில் போடுகிறாரா? போட்டால் வண்டியோடு சேர்த்து அவரையும் மாற்றுங்கள்! 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தது வாஸ்தவம். விலை குறைந்தது என்பதற்காக நன்றாக இருக்கிற வண்டியை விற்பதில் லாபம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் புதுசு பக்கம்தான். 2019-ல்தான் எல்லா புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ்., டிரைவருக்கு ஏர்பேக் இரண்டும் கட்டாயமாயின. அதற்கு முந்தின விலை குறைந்த மாடல்களில் இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். வாரத்தில் நாலு நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பறக்கிறவர், ராத்திரியில் குடும்பத்தோடு ஈ.சி.ஆரில் வருகிறவர், அப்படிப்பட்ட வண்டியில் துருவே இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு மட்டும் போகிறவர் அவசரப்பட வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை இல்லை. "2015 டிசம்பர்ல வண்டி எங்க நின்னுது? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க நின்னுது?" முடிச்சூர், வரதராஜபுரம் என்று பதில் வந்தால் உஷார். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சுருளின் உள்பக்கம் சேற்றுக் கறை மாட்டிக்கொள்ளும். டிக்கியில் ஸ்டெப்னி உட்காருகிற குழியில் வண்டல் இருக்கும். பளபளப்பாகத் துடைக்கிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் அநேகமாக மறந்துவிடுவார்கள். ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இருந்தால், அதை நீக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

புது வண்டி என்றால் டீசல் ஆசைக்கு ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய டீசல் கார்களில் புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கிறது. நீள ஓட்டத்தில்தான் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். வீட்டிலிருந்து செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு ஓட்டிவிட்டு நிறுத்துகிறவருக்கு அது சரிப்படாது. மின்சாரக் கார் நல்ல யோசனைதான், சொந்த வாசலில் சார்ஜ் போட வசதி இருந்தால். அப்பார்ட்மென்ட் மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுகிற கனவு வேண்டாம். எதை வாங்கினாலும் 'அடிப்பாகத் தகட்டில் துத்தநாகப் பூச்சு எங்கெங்கே இருக்கிறது, துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் எத்தனை வருஷ வாரண்டி' என்று கேளுங்கள். சேல்ஸ்மேன் சன்ரூஃப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மறுபடி கேளுங்கள்.

பழைய வண்டியை விற்கும்போது, 29, 30-ம் எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள். பெயர் மாறியதா என்று நீங்களே பாருங்கள். மாறாத வரை அந்த வண்டி எங்கே மோதினாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்படியே முன் கண்ணாடியில் இருக்கிற ஃபாஸ்டேக் ஸ்டிக்கரையும் கிழித்துவிட்டு, கணக்கை மூடிவிடுங்கள். இல்லையென்றால் புது ஓனர் பரனூர் டோல்கேட்டை ஒவ்வொரு தடவை தாண்டும்போதும் உங்கள் செல்போன் 'டிங்' என்று சத்தம் போடும்!