கண்ணில் நெல் தாள் பட்டால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்: விவசாயிகள் அறிய வேண்டிய கண் பாதுகாப்பு

மகாராஜபுரம், வத்திராயிருப்பு பகுதியில் நெல் அறுவடை நடக்கும் நாட்களில் களத்தில் நிற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "கண்ணுல ஏதோ விழுந்துச்சு, ரெண்டு நாளா உறுத்துது" என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். காலில் மண்வெட்டி பட்டால் அன்றைக்கே ஊசி போட ஓடுகிறோம். கண்ணில் நெல் தாளோ கரும்புத் தோகையோ கிழித்தால் மட்டும் தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாகப் போவதற்கு இந்தத் தாமதமே போதும்.

நான் கண் மருத்துவர் அல்ல, வேளாண் விரிவாக்கப் பணியில் இருப்பவன். ஆனால் விவசாயியின் கண்ணைக் கெடுக்கும் பொருட்களில் பெரும்பாலானவை, நாங்கள் பயிற்சிகளில் பேசும் பொருட்களேதான். தாள், தோகை, தென்னை மட்டைத் தூசி, சுண்ணாம்பு, பூச்சி மருந்து, எருக்கம்பால், புல் வெட்டும் இயந்திரம் என்று பட்டியல் நீளும். மருந்து தெளிக்கும் அளவைச் சொல்லிவிட்டுக் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது பாதி ஆலோசனைதான்.

கருவிழியில் கீறல் விழுந்தால் என்ன நடக்கிறது?

கண்ணின் முன்பக்கம் கடிகாரக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் பகுதியைக் கருவிழி என்கிறோம். அதன் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். தாளின் நுனி இதன் மேல்தோலைக் கீறினால், அந்தத் தாளில் ஒட்டியிருக்கும் பூஞ்சாணமும் உள்ளே போகிறது. வாழையிலும் பருத்தியிலும் வாடல் நோய் உண்டாக்கும் பியூசேரியம் என்ற பெயர் நம் விவசாயிகளுக்குப் பழக்கமானது. நிலக்கடலை, மக்காச்சோளத்தில் அப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸும் தெரிந்ததே. கருவிழிப் புண்ணில் அதிகம் காணப்படுபவையும் இந்த இரண்டு பேரினங்களைச் சேர்ந்த பூஞ்சாணங்கள்தான். செடியில் வளர்வது கண்ணில் வளராது என்று நினைக்க வேண்டாம்.

மதுரை வட்டாரத்தில் இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்துள்ளன. 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, 1994 தொடக்கத்தில் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் சுமார் 65 சதவீதம் பேருக்குக் கண்ணில் முன்பே அடிபட்டிருந்தது. அதில் பெரும்பகுதி விவசாய வேலையில் பட்ட அடி. கிருமி கண்டறியப்பட்ட கண்களில் ஏறத்தாழ பாதியில் இருந்தது பூஞ்சாணம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருகிறது என்று அதே காலத்தில் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கைப் போல இது பத்து மடங்கு. மதுரையில் இருந்து நாம் இருப்பது இரண்டு, இரண்டரை மணி நேரப் பயண தூரம். நெல்லும் கரும்பும் தென்னையும் மாடும் இங்கேயும் அதேதான்.

பூஞ்சாணப் புண் மெதுவாக வளரும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். அடிபட்ட அன்று உறுத்தும், நீர் வடியும். மறுநாள் சற்றுக் குறைந்தது போலத் தெரியும். நான்கைந்து நாள் கழித்துக் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும்போதுதான் பயம் வருகிறது. அதற்குள் பூஞ்சாணம் ஆழமாக இறங்கியிருக்கும். அந்த நிலையில் மருந்து வாரக்கணக்கில் போட வேண்டும். ஆறினாலும் பூ விழுந்தது போலத் தழும்பு நிற்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவைச் சிகிச்சை வரை போகும்.

முதல் நாள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்ல வேண்டும். கருவிழியில் கீறல் பட்ட கிராம மக்களுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் குளோராம்பெனிக்கால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து, இரண்டாம் நாளில் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. பின்னர் மதுரை மாவட்டக் கிராமங்களிலும் இதே முறையில் கிராமத் தொண்டர்களைக் கொண்டு செய்து பார்த்ததில் நல்ல பலன் கிடைத்தது. இது சாதாரணக் களிம்பு. ஆனால் எந்தக் கண்ணுக்கு இது போதும், எதற்குப் போதாது என்பதைப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். எனவே நீங்களாக வாங்கிப் போடாமல், அடிபட்ட அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூர் அல்லது ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். தேவைப்பட்டால் மதுரைக்கு அனுப்பி வைப்பார்கள்.

செய்யக் கூடாதவை

தூசி எடுக்கிறேன் என்று துண்டின் நுனியைச் சுருட்டிக் கண்ணில் விடுவது, நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, இலைச் சாறு பிழிவது ஆகியவை இன்னமும் நடக்கின்றன. பெரியவர்கள் அன்போடு செய்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் தோல் கீறிய கண்ணில் இவை எல்லாம் புதுக் கிருமியைச் சேர்க்கும் வழிகள். கண்ணைத் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரில் திறந்து மூடிக் கழுவினால், வர வேண்டிய தூசி வந்துவிடும். குத்திக்கொண்டு நிற்கும் முள்ளையோ இரும்புத் துணுக்கையோ பிடுங்க வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மேலாக மூடிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைவிட ஆபத்தானது, மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்குவது. அப்படிக் கிடைப்பதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. பெட்டியில் டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்ற பெயர்கள் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டதும் சிவப்பும் வலியும் குறையும், நல்ல மருந்து என்று தோன்றும். உண்மையில் கண்ணின் எதிர்ப்புச் சக்தியை அது அடக்கிவிடுவதால் பூஞ்சாணம் தடையில்லாமல் வளர்கிறது. சாதாரண ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தும் பூஞ்சாணத்தைக் கொல்லாது. இலைப்புள்ளி நோய்க்குப் பூச்சி மருந்து அடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருத்துவர் புண்ணைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் எந்தக் கிருமி என்று முடிவு செய்கிறார். பூஞ்சாணம் என்றால் பெரும்பாலும் நாட்டாமைசின் சொட்டு மருந்து தருவார்கள். அதைவிட விலை கூடிய ஒரு மருந்தோடு ஒப்பிட்டு மதுரையிலும் நடந்த ஆய்வில், 2013-ல் வெளிவந்த முடிவுப்படி, நாட்டாமைசின்தான் மேலானது என்று தெரிந்தது. ஆரம்பத்தில் மணிக்கு ஒரு சொட்டு என்றுகூடப் போடச் சொல்வார்கள். வலி போனதும் நிறுத்திவிட்டு வயலுக்குப் போனால் புண் திரும்ப வரும்.

சுண்ணாம்பு, பூச்சி மருந்து, எருக்கம்பால்

தென்னைக் குருத்தழுகலுக்குப் போர்டோ கலவை தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு சதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு. சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் சுண்ணாம்பைப் போல் கெடுதல் செய்வது வேறு அதிகம் இல்லை. அமிலம் மேலாகச் சுட்டு நின்றுவிடும், காரம் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டு போகும். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் அழுத்தி விளையாடி, அது வெடித்துக் கண் போன வீடுகளும் உண்டு. அதை உயரத்தில் வையுங்கள்.

சுண்ணாம்போ பூச்சி மருந்தோ தெறித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தண்ணீரில் கழுவ வேண்டும். சுண்ணாம்புத் துகள் இமைக்குள் ஒட்டியிருக்கும் என்பதால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள். குறைந்தது 15 முதல் 20 நிமிடம் வேண்டும். நமக்கு அது ரொம்ப நேரமாகத் தெரியும், இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவோம். மோட்டார் தண்ணீரை வேகமாக அடிக்காமல் குடத்தில் இருந்து மெதுவாக ஊற்றுங்கள். மருந்து அடிக்கும் இடத்தில் குடிநீர்க் குடம் தவிர, கண் கழுவ இன்னொரு குடம் இருக்கட்டும். கழுவிய பிறகு மருந்துப் புட்டியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று குறைந்துகொண்டு வரும்.

குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் மருந்து அடித்த பிறகு பார்வை மங்கி, கண்ணின் மணி குண்டூசித் தலை போலச் சுருங்கியிருந்தால் அது கண் கோளாறு அல்ல. உடம்பில் நஞ்சு ஏறியிருக்கிறது. எச்சில் ஊறுவது, வியர்ப்பது, வாந்தி ஆகியவை கூடவே வரும். உடுப்பைக் கழற்றிச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பூச்சிவிரட்டிக் கரைசலுக்கு எருக்கு இலை ஒடிக்கும்போதும், விநாயகர் சதுர்த்திக்குப் பூப் பறிக்கும்போதும் பால் கண்ணில் தெறிக்கும். எருக்கம்பாலின் தன்மை விசித்திரமானது. கருவிழியின் உட்புறச் செல்களைக் கெடுத்துப் பார்வையைப் புகை மூட்டம் போல ஆக்கிவிடும், ஆனால் வலி அதிகம் இருக்காது. வலி இல்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். கள்ளிப்பால் பட்டால் எரிச்சலும் வலியும் கடுமையாக இருக்கும் என்பதால் அதற்கு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். இரண்டுக்கும் முதல் வேலை கழுவுவதுதான்.

கண்ணாடி போட முடியுமா?

"வேர்க்குது, மூடிக்குது, ஒண்ணும் தெரியல" என்று பயிற்சிகளில் சொல்வார்கள். நியாயமான குறைதான். முழுக்க மூடிய கண்ணாடி புழுக்கத்தில் ஆவி பிடிக்கும். அதனால் பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ளதை வாங்குங்கள். தாள் கட்டும்போதும் கரும்புத் தோகை உரிக்கும்போதும் பக்கம் மறைத்த சாதாரண வெள்ளைக் கண்ணாடியே போதும். சுண்ணாம்பு, பூச்சி மருந்து கலக்கும்போது மட்டும் முழு மூடியது வேண்டும். புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுபவர் கண்ணாடி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. கல்லும் கம்பித் துண்டும் தோட்டா வேகத்தில் வரும். கடப்பாரை, மண்வெட்டியைச் சுத்தியலால் அடித்துச் சரி செய்யும்போது தெறிக்கும் இரும்புப் பொடி கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளியே ஊசிமுனை அளவு காயம்தான் தெரியும். பால் கறக்கும்போது மாட்டு வாலை ஒருவர் பிடித்துக்கொள்வதும் கண் பாதுகாப்புதான்.

வெயில், வயது, சர்க்கரை

நாள் முழுவதும் வெயிலிலும் தூசியிலும் நிற்பவர்களுக்குக் கண்ணின் மூக்குப் பக்கத்தில் இருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறும். அகலமான தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இதைக் குறைக்கும். கருவிழிக்குள் ஏறிவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண்புரைக்குச் சொட்டு மருந்து கிடையாது, அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. அது அரசு மருத்துவமனைகளிலும் முகாம்களிலும் இலவசமாக நடக்கிறது. புரை "முத்தட்டும்" என்று காத்திருந்தது அந்தக் காலம். கண் நீர் அழுத்த நோய் வேறு வகை. வலி இல்லாமல் ஓரப் பார்வையைத் தின்றுகொண்டே வரும், போன பார்வை திரும்பாது. வீட்டில் யாருக்காவது இருந்தால் 40 வயதுக்கு மேல் கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். அதற்குச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் அன்று பைக்கில் போகாமல், துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.