எட்டுக் குரலும் ஒரு கமகமும்

நம்மூர்த் திருமண மண்டபங்களில் ‘ஓர்கன்’ என்று வழங்கும் விசைப்பலகைக் கருவியை அறியாதார் இலர். நம் பிள்ளைகளிற் பலர் இன்று அதன் கட்டைகளிலேயே சரளி வரிசையும் பழகுகின்றனர். நம் கமகத்துக்கு அதில் இடமுண்டா என்பதை, அதன் முன்னோருள் ஒன்றாகிய றோலண்ட் ஜூப்பிற்றர்-8 என்னும் சிந்தசைசரைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1981 இல் யப்பானிலிருந்து வெளிவந்த இக்கருவி 61 கட்டைகளை உடையது. பெயரிலுள்ள எட்டு, ஒரே வேளையில் ஒலிக்கவல்ல சுரங்களின் தொகையாம். ஆர்மோனியத்திலே கட்டைதோறும் தனி நாக்கு உண்டு. அழுத்திய அத்தனையும் ஒலிக்கும். இங்கு அவ்வாறன்று. ஒரு குரல் எழ, மின்னதிர்வை உண்டாக்கும் அலைபிறப்பாக்கிகள் இரண்டும், அவ்வதிர்வின் கூர்மையைக் குறைத்துக் குழைவிக்கும் வடிகட்டியும், விரியலாக்கியும் கூடிய தொகுதியொன்று வேண்டும். அத்தகைய எட்டுத் தொகுதிகள் ஒரு பெட்டியுள் அடங்கியுள. விரல் பட்டதும், ஓய்ந்திருக்கும் தொகுதியொன்றை நுண்செயலி அக்கட்டைக்கு அளிக்கும். ஒன்பதாவது சுரத்துக்கு இடமில்லை. ஒலி எண்களாற் கணிக்கப்படாது மின்னழுத்தத்தாலேயே ஆக்கப்படுதலின், வெப்பம் மாறினாற் சுருதியும் நழுவும்; பதினாறு பிறப்பாக்கிகளையும் தானே சரிசெய்துகொள்ள ஒரு பொத்தான் உண்டு. தம்புராவுடன் மல்லாடுவோர் இதற்குப் பொறாமைப்படலாம்!

பல சுரங்களை ஒருங்கடுக்கும் மேனாட்டிசைக்கு எட்டுக் குரலும் பெரும்பேறு. நமக்கோ ஒரு குரல் போதும். அது வளைய வேண்டும். நல்லூர்த் திருவிழாவில் நாதசுரம் கேட்டுப் பழகிய செவிக்குக் கட்டைக்குக் கட்டை தாவும் சுரம் உவப்பதில்லை. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கியதற்கும் இக்குறை ஒரு காரணம். ஜூப்பிற்றரில் ஒரு குரலை மட்டும் ஒலிக்கச் செய்யலாம்; சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லும் அமைப்பும், இடக்கையாற் சுருதியை வளைக்கும் நெம்பும் உள.

இவ்வசதிகளின் பயனைக் கண்டவர் பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங். இக்கருவியுடன் றோலண்டின் ரீ.பீ.303, ரீ.ஆர்.808 ஆகியவற்றையும் சேர்த்து, பத்து இந்துத்தானி இராகங்களை 1982 இல் இசைத்தட்டாக்கினார். நம் மோகனத்தை ஒத்த பூபாலியும், இந்தோளத்தை ஒத்த மால்கௌன்சும் அவற்றுள் அடங்கும். அன்று அதனைப் பொருட்படுத்தினோர் சிலரே. 2010 இல் மறுபதிப்பு வந்தபோது, சிக்காகோவிற் பின்னர் தோன்றிய ‘அசிட் ஹவுஸ்’ நடன இசையை அது முந்திக்கொண்டதெனப் பலரும் வியந்தனர். 2015 இல் அவர் மறைந்தார்.

எம் செவிக்கு அத்தட்டிலே ஜாரு நன்கு வாய்த்துள்ளது. கம்பிதம் அத்துணை வாய்க்கவில்லை. நம் தோடியின் காந்தாரம் நெம்புக்கு எளிதில் அகப்படாது. ஆயினும் இன்றைய ஓர்கன்கள் பலவற்றிலும் சுருதி வளைக்கும் சில்லோ நெம்போ உண்டு. பிள்ளைகள் வலக்கையால் ஒரு கட்டையை மட்டும் அழுத்தி, இடக்கையை அதன்மீது வைத்து, ஆசிரியர் பாடும் காந்தாரத்தைத் தேடிப் பார்க்கட்டும்.