ஒரு வீடு எட்டு வீடானால்

சென்னையில், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் பழைய வீடுகள் சில இன்றும் உள்ளன. முன்னே திண்ணை, நடுவே முற்றம், பின்னே கிணறு என அமைந்தவை அவை. அத்தகைய வீட்டில் ஒரே குடும்பம் வாழ்ந்தபோது அரை அங்குலக் குழாய் போதுமானதாக இருந்தது. அவ்வீட்டைப் பகுத்தும், மேல்மாடிகள் எழுப்பியும் எட்டுக் குடும்பங்கள் வாழும் அடுக்ககமாக மாற்ற முற்படுவோர், அறைகளின் நீள அகலங்களை நுணுகி ஆராய்வர். தெருவிலிருந்து வரும் நீர்க்குழாய் எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. அதனைக் கணக்கிடும் முறையை இங்குக் காண்போம்.

முதலில் நகரின் நிலையை அறிதல் வேண்டும். 1872-ஆம் ஆண்டில் செங்குன்றம் ஏரியின் நீர் கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் நிறைவுற்றது. 1996-இல் கிருஷ்ணை நீரும், 2004-இல் வீராணம் ஏரி நீரும் நகரை நாடி வந்தன. 2013-இல் நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பெற்றது. இத்தனை செய்தும், 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களுடன் வரிசையில் நின்றனர். நகரின் பல தெருக்களில் இன்றும் குறித்த சில மணி நேரமே குழாயில் நீர் வருகிறது.

நாள் முழுவதும் நீர் வரும் நாடுகளில் பொறியாளர் கேட்கும் வினா ஒன்றே: ‘ஒரே நேரத்தில் எத்தனை குழாய்கள் திறக்கப்படும்?’ இதனைக் கணிக்கும் முறையை 1940-இல் அமெரிக்கரான ராய் ஹன்டர் வகுத்தளித்தார். நம் நகரில் எழும் வினாவோ வேறு. நீர் வரும் சில மணி நேரத்திற்குள் நாள் முழுமைக்கும் வேண்டிய நீர் வந்து சேருமா என்பதே அது.

குடும்பத்திற்கு ஐவராக எட்டுக் குடும்பங்களில் நாற்பதின்மர் வாழ்வர் எனக் கொள்வோம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கூறும். ஆகவே, நாட்டேவை 5,400 லிட்டர். நீர் மூன்று மணி நேரம் வருமாயின், நிமிடத்திற்கு 30 லிட்டர் உள்ளே வருதல் வேண்டும்.

குழாயில் நீர் நொடிக்கு ஒரு மீட்டர் விரைவில் ஓடுமாயின், 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் நிமிடத்திற்குப் பத்தரை லிட்டரளவே தரும். 20 மில்லிமீட்டர்க் குழாய் ஏறத்தாழ 19 லிட்டரும், 25 மில்லிமீட்டர்க் குழாய் ஏறத்தாழ 30 லிட்டரும் தரும். விட்டம் இரு மடங்காயின், நீர் செல்லும் பரப்பு நான்கு மடங்காகும் அன்றோ? ஆகவே பழைய அரை அங்குலக் குழாயையே நம்பினால், பதினால்வர்க்கே நீர் கிட்டும்; எஞ்சிய இருபத்தறுவர் லாரியை எதிர்பார்த்து நிற்பர்.

ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது. தெருவில் அழுத்தம் குறையின் நீரின் விரைவும் குறையும். 20 லிட்டர் கொள்ளும் வாளியைக் குழாயடியில் வைத்து, அது நிறைய எத்தனை நொடியாகிறது என்று பார்த்தல் நன்று. வரும் நீரைத் தேக்க நிலத்தடித் தொட்டியும் வேண்டும். இரண்டு நாள் தேவையான 10,800 லிட்டரைக் கொள்ள, இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் நீர் 2.7 மீட்டர் ஆழம் நிற்றல் வேண்டும்.

சிலர் இவற்றையெல்லாம் விடுத்து, தெருக்குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி நீரை உறிஞ்சுகின்றனர். இது சட்டத்திற்கும் அறத்திற்கும் புறம்பானது. ஒருவர் உறிஞ்சினால் தெருக்கோடியில் உள்ளவர் குடம் வெறுங்குடமாகும். குழாயில் அழுத்தம் தாழும்போது, விரிசல்களின் வழியே சாக்கடை நீரும் உட்புகும். அந்நீர் உறிஞ்சியவர் வீட்டிற்கும் வரும்.

எனில், செய்யத் தக்கது யாது? 135 லிட்டரில் 45 லிட்டர் கழிவறைக்கே செலவாகிறது. அதனைக் கிணற்று நீரால் நிறைவு செய்தால், தெருவிலிருந்து வேண்டுவது 3,600 லிட்டராகச் சுருங்கும். நிமிடத்திற்கு 20 லிட்டர் போதும். கிணறு வற்றாதிருக்க மழைநீரை நிலத்துள் செலுத்துதல் வேண்டும். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டரளவு மழை பெய்கிறது. 200 சதுர மீட்டர் மாடியில் மட்டும் 2,80,000 லிட்டர் விழும். அந்நீர் முழுவதையும் காக்க இயலுமாயின், அவ்வீட்டின் கழிவறைத் தேவைக்கு ஐந்து மாதம் வரும். 2003-இல் தமிழக அரசு மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியது இதனாலேயே. அடையாறு போன்று கடலை அடுத்த பகுதிகளில் இது மேலும் இன்றியமையாதது. மழைநீர் உட்செல்லாது கிணற்றை மட்டும் இறைத்தால் உவர்நீர் புகுந்துவிடும்.

இன்றைய தியாகராய நகர், ‘லாங் டேங்க்’ என்று ஆங்கிலேயர் அழைத்த நெடிய ஏரி இருந்த நிலத்தில் 1920-களில் எழுந்தது. நீர் நின்ற இடத்தில் வீடு கட்டிய நாம், நீருக்கும் வீட்டில் ஓர் இடம் தருதல் கடன். குழாயின் அளவை மட்டுமன்றி நம் தேவையின் அளவையும் அறிந்து வாழ்வோமாயின், நம் வீட்டுத் தொட்டியும் நிறையும். தெருக்கோடியில் உள்ளவர் குடமும் நிறையும்.