இசைவாணரும் அழியா ஏடும்

கலை வளர்தற்குக் கலைஞனது திறமை மட்டும் போதாது; அவன் வயிறு நிரம்புதலும் வேண்டும். பண்டைப் பாணரை வேந்தரும் வள்ளல்களும் புரந்தனர். பின்னர்த் திருக்கோயில்கள் நிலமும் நெல்லும் அளித்தன. அவற்றின்பின் ஜமீன்தார்களும் சங்கீத சபைகளும் வந்தன. சென்ற நூற்றாண்டில் இசைத்தட்டுக் கம்பெனிகளும் திரைப்படமும் அவ்விடத்தைப் பற்றின. இக்காலத்தே, பெருங்கம்பெனி எதனையும் சாராது, தாமே பாட்டமைத்துத் தாமே பதிவு செய்து இணையத்தில் வெளியிடும் தனிநிலை இசைவாணர் பலர் தோன்றியுள்ளனர். அன்னார்க்குப் பொருளுதவி தேடித் தருவதாகச் சொல்லிப் பிளாக்செயின் என்னும் கணக்கேட்டு முறையைக் கொண்ட இசைத்தளங்கள் முன்வந்துள்ளன. அவற்றின் இயல்பையும் எல்லையையும் விளக்குதலே எம் கருத்து.

இது நமக்கு அயலான பொருளன்று. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் நாவலூரும் அதனை அடுத்த சிறுசேரியும் கணினித் தொழிலுக்குப் பெயர் பெற்று நிற்கின்றன. அதே சாலை சென்று முடியும் மாமல்லபுரத்திலோ, பல்லவர் கல்லில் வெட்டுவித்த எழுத்துக்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் கடந்தும் படிக்கப்படுகின்றன. யாவரும் காணுமிடத்தில், எளிதில் அழிக்கவொண்ணாதவாறு எழுதிவைத்தல் என்னும் பழங்கருத்தே பிளாக்செயினுக்கும் அடிப்படையாகும்.

இக்கருத்து கலைஞர்க்குப் பயன்பட்டமைக்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் சிறந்த சான்று. முதலாம் இராசராசன் அங்குக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர் முன்னிருந்த கோயிலும், குடியிருந்த வீடும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஒருவர் இறந்தாலும் நாடு நீங்கினாலும் அப்பங்கைப் பெறுவோர் யாவர் என்பதும் வரையறுக்கப்பட்டுளது. திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யும் பிடாரர் 48 பேரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக 50 பேர்க்கு, ஆளொன்றுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் என்று மற்றொரு கல்வெட்டுக் கூறும். யாருக்கு, எவ்வளவு, அவர்க்குப்பின் யாருக்கு என்னும் மூன்று வினாக்கட்கும் கல்லே விடை பகர்ந்தது.

இனிப் பிளாக்செயினைக் காண்போம். இஃது ஒருவர் பெட்டியில் பூட்டிவைக்கும் கணக்குப் புத்தகமன்று. ஒரே ஏட்டின் படிகள் உலகெங்கும் பல கணினிகளில் உள்ளன. புதிய வரவுகள் ஒரு கட்டாகத் தொகுக்கப்பட்டு முந்திய கட்டோடு பிணைக்கப்படும்; ஆகலின் பழைய பக்கத்தைத் திருத்த முயல்வோன் அடுத்துள்ள பக்கங்கள் அனைத்தையும், பிறர் கைப்படிகளையும் மாற்றியாதல் வேண்டும். இவ்வேட்டில் ஸ்மார்ட் கான்டிராக்ட் எனப்படும் ஒப்பந்த நிரலையும் எழுதி வைக்கலாம். பாடகர்க்கு 40, இசையமைத்தவர்க்கு 30, பாட்டெழுதியவர்க்கு 20, பறை வாசித்தவர்க்கு 10 எனப் பங்கு குறித்துவிட்டால், 100 ரூபாய் வந்தவுடன் எவர் கையையும் எதிர்பாராமல் அது பிரிந்து சேரும்.

இதன் தேவையை அண்மை நிகழ்ச்சி ஒன்று உணர்த்தும். 2021 மார்ச்சில் வெளிவந்து பல நாடுகளிலும் கேட்கப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி' பாடலால் தமக்கும் உடன் உழைத்தோர்க்கும் வருவாய் வந்து சேரவில்லையென, அதனை உருவாக்கியோருள் ஒருவராகிய சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகக் கூறினார். வெளியிட்ட நிறுவனம் தன் தரப்பில் வேறு விளக்கம் தந்தது. தீர்ப்புரைத்தல் எம் வேலையன்று. இரு தரத்தாரும் ஒருங்கே காணும் கணக்கேடு இருப்பின் இத்தகைய வழக்குகட்கு இடம் குறையும் என்பது மட்டும் தெளிவு.

இத்தளங்களில் பொருள் வரும் வழிகள் மூன்று. முதலாவது நேர் விற்பனை: பாட்டினை என்.எப்.டி. எனப்படும் தனி அடையாளச் சீட்டாக்கி ரசிகர்க்கு விற்றல். ஏ. ஆர். ரகுமான் 2023 ஜனவரியில் 'கற்றார்' என்னும் தளத்தை அறிவித்தபோது, கலைஞர்க்கு இவ்வழியே நேரே வருவாய் கிடைக்கச் செய்தலை நோக்கங்களுள் ஒன்றாகச் சொன்னார். இரண்டாவது, வருங்கால வருவாயிற் பங்கு விற்றல்: அமெரிக்கப் பாடகர் நாஸ் 2022 ஜனவரியில் ராயல் என்னும் தளத்தின் வாயிலாகத் தம் இரு பாடல்களின் ஸ்ட்ரீமிங் வருவாயில் ஒரு பகுதியை ரசிகர்க்கு விற்றார். மூன்றாவது பொதுநிதி: 2018இல் தொடங்கிய ஆடியஸ் போன்ற தளங்கள் தம் டோக்கன்களில் ஒரு பகுதியைப் பொதுவில் ஒதுக்கி, அவற்றை உடையோர் வாக்களித்துச் செலவிடுமாறு வகுத்தன.

நிற்க. இம்மூன்றிலும் இடர்கள் உள. இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப் 2015இல் தம் 'டைனி ஹியூமன்' பாடலை இம்முறையில் வெளியிட்டுப் புகழ் பெற்றார். வரவோ நூற்றுச் சில்லறை டாலரே. ஏடு கணக்கை வைக்கும். கேட்போரைக் கூட்டித் தாராது. 2022 ஜூலையில் ஆடியஸ் தளத்தின் நிரலிலிருந்த பிழையைக் கண்ட ஒருவன், பொதுநிதியிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 85 லட்சம் டோக்கன்களைக் கவர்ந்தான். டோக்கனின் விலையும் நெல்லைப்போல் நிலைத்ததன்று. இன்று கலம் நிறைப்பது நாளை நாழியும் நிறைக்காது போகலாம். நம் நாட்டில், 2022 ஏப்ரல் முதல் இத்தகைய சொத்துக்களைக் கைமாற்றி வரும் ஆதாயத்திற்கு நூற்றுக்கு 30 வீதம் வரி உண்டு. ஒன்றில் நேர்ந்த நட்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழித்தலும் இயலாது.

எல்லாவற்றினும் பெரிய எல்லை ஒன்றுளது. எழுதியதை அழியாது காப்பதன்றி, எழுதியது மெய்யோ பொய்யோ என்பதை இவ்வேடு அறியாது. பிறர் பாட்டைத் தன்னதென ஒருவன் முதலில் பதிவு செய்துவிடின், அப்பொய்யும் அழியாது நிற்கும். சீட்டை வாங்கியவன் பாட்டின் உரிமையை வாங்கியவனாகான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காலம் குறியாவிடின் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்போர்க்கும் ராயல்டியிற் பங்கு உண்டென உறுதி செய்தது. பாடுவோரும் வாசிப்போரும் வணிகப் பயனில் பங்கு பெறவும் வழி வகுத்தது.

ஆதலின், பாட்டமைக்கும் நம் மாணவ நண்பர்கட்கு யாம் கூறுவது இதுவே: எத்தளத்திற் சேர்வது என்று ஆராயுமுன், உடன் உழைத்தோர் அனைவரும் ஒருங்கிருந்து, அவரவர் பெயரும் பங்கும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடுக. மத்தளம் தட்டியவர் பெயரும் அதில் விடுபடாதிருக்கட்டும். தஞ்சைக் கல்வெட்டு உடுக்கை வாசித்தவன் ஒருவனையும் மறவாது அவனுக்கும் முக்குறுணி நெல் குறித்தது. கல்லாயினும் கணினியாயினும் ஏட்டின் மாண்பு அதன் உறுதியில் மட்டும் இல்லை. எழுதுவோரது நேர்மையிலும் உளது.