இரு சோதனைகளுக்கு இடையே: மணிப்பூரில் ஹெபடைடிஸ் சி களப்பணி

மியான்மர் எல்லையை ஒட்டிய மணிப்பூரில், ஊசிவழிப் போதைமருந்து பயன்படுத்துவோரிடையே ஹெபடைடிஸ் சி எனும் கல்லீரல் அழற்சி பரவலாகக் காணப்படுகிறது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரசுக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் சோதனையையும் மருந்தையும் இலவசமாக்கியது. பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளே போதும். மருந்தை முடிப்போரில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் குணமடைகின்றனர்.

மருந்து இருந்தும் நோயாளி இடைவழியில் தவறிவிடுகிறார். விரல்நுனிக் குருதியில் செய்யப்படும் முதற்சோதனை எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும். தொற்று தானே நீங்கியவரிடமும் அது காணப்படும். வைரசு உடலில் இப்போது உள்ளதா என்பதை ஆர்.என்.ஏ. சோதனையே உறுதிசெய்யும். அதற்கென மருத்துவமனை செல்லவும் முடிவுக்குக் காத்திருக்கவும் வேண்டும். காவல்துறை குறித்த அச்சமும் ஊராரின் ஏளனமும் அங்கேதான் தடையாகின்றன. ஆகவே, முதற்சோதனை செய்துகொண்டோரின் எண்ணிக்கையைக் கொண்டு களப்பணியை அளப்பது பிழையாகும். தூய ஊசி வழங்கும் மையத்தில் பழகிய, அப்பழக்கத்தை அறிந்து மீண்ட பணியாளர் ஒருவர் உடன்செல்வதே இரண்டாம் சோதனையை நிகழச் செய்கிறது.

அவருடைய பணி சிகிச்சையோடு முடிவதில்லை. குணமடைந்தவருக்கு மீண்டும் தொற்று நேரலாம். எதிர்ப்பொருள் உடலில் நீடிப்பதால், அவருக்கு மறுபடியும் ஆர்.என்.ஏ. சோதனையே தேவைப்படும்.