மன்னார் மணலும் 5,000 கிலோமீற்றர் ஸ்டிக்கரும்

புதுக் கார் முதல் சேர்விஸ் முடிந்து வெளியே வரும்போது அதன் முன்கண்ணாடியில் அல்லது கதவுத் தூணில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கும். அடுத்த எஞ்சின் ஒயில் மாற்றம் எத்தனையாவது கிலோமீற்றரில் என்பதை அது சொல்கிறது. இலங்கையில் அந்த எண், பெரும்பாலும், அன்று மீற்றர் காட்டும் தூரத்துடன் 5,000 சேர்ந்ததாகவே இருக்கும். அதே காரின் கைந்நூலில் 10,000 என்று அச்சிடப்பட்டிருக்கலாம். டொயோட்டா ஜப்பானில் தன் சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஓராண்டு என்று குறிப்பிடுகிறது. டர்போ பொருத்தியவை என்றால் 5,000 அல்லது ஆறு மாதம். ஒரே பொருளுக்கு மூன்று ஆயுள் சொல்லப்படும்போது, யாரோ தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று கார்க்காரர் நினைப்பதில் வியப்பில்லை.

அந்தச் சந்தேகம் 2025க்குப் பிறகு கூடியிருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி முதலாம் திகதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் ரூபாயின் மதிப்பு விழுந்தது, ஒயில் விலை ஏறியது, இருந்த கார்களே மேலும் மேலும் ஓட வேண்டியிருந்தது. பலர் ஒயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டார்கள். இன்று பெரும் வரி கட்டிப் புதுக் காரோ ஜப்பானில் சில காலம் ஓடிய ரிக்கண்டிஷன் காரோ வாங்குபவர், ஒவ்வொரு சேர்விஸ் பில்லையும் வரிவரியாகப் படிக்கிறார். அதுவும் மன்னார் தீவில் இருப்பவருக்குக் கம்பனியின் பெரிய பணிமனை பக்கத்துத் தெருவில் இல்லை. வவுனியா சுமார் 80 கிலோமீற்றர், கொழும்பு 300க்கு மேல். ஒரு சேர்விஸுக்கு ஒரு நாள் கூலியும் ஒரு தாங்கி எரிபொருளும் போய்விடும்.

மூன்று எண்களில் எது சரி என்பதற்கான விடை ஒயிலின் வேதியியலில் இருக்கிறது. எஞ்சின் ஒயில் தனி எண்ணெய் அல்ல, ஒரு கலவை. அதன் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய், எஞ்சியது சேர்மானங்கள். எஞ்சினுக்குள் உருவாகும் அமிலத்தைக் காரத்தன்மை கொண்ட ஒரு சேர்மானம் நடுநிலையாக்குகிறது. இன்னொன்று புகைக்கரியைத் துகள்துகளாகப் பிரித்து மிதக்க வைக்கிறது. துத்தநாகமும் பொஸ்பரசும் கலந்த மற்றொன்று, உலோகம் உலோகத்தை உரசும் இடங்களில் மெல்லிய காப்புப் படலமாகப் படிகிறது. ஒயில் பழுதாகிறது என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோவதையே சொல்கிறோம். அடிப்படை எண்ணெயும் சூட்டில் ஒட்சியேற்றம் அடைந்து தடிக்கிறது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அந்த ஒட்சியேற்றம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

ஆனால் சூட்டைவிட மன்னார்க் காருக்கு அதிக கேடு செய்வது சூடேறாமை. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகிறது. அதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஒயில் தட்டுக்குள் கசிகிறது, அதோடு எரியாத பெற்றோலும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். குளிர்நீர் மானி நடுவுக்கு வந்துவிட்டதால் ஒயிலும் சூடேறிவிட்டது என்று கொள்ள முடியாது. ஒயில் அதைவிடப் பிந்தியே தன் வேலைச் சூட்டை அடைகிறது. மன்னார் நகரிலிருந்து பள்ளிமுனைக்கோ எழுத்தூருக்கோ போய்வரும் கார் சில நிமிடங்களில் நிறுத்தப்படுகிறது. காலையில் பள்ளிக்கூடம், பிறகு சந்தை, மாலையில் கோவில் என்று ஒரு நாளில் நாலைந்து முறை ஸ்டார்ட் செய்து, ஒருமுறைகூட ஒயிலை முழுதாகச் சூடாக்காத கார் தீவில் எத்தனையோ உண்டு. ஆண்டு முழுவதும் அது 4,000 கிலோமீற்றர் கூட ஓடியிராது. ஸ்டிக்கரில் உள்ள எண் இன்னும் வரவில்லை என்று சொந்தக்காரர் நிம்மதியாக இருக்க, உள்ளே நீரும் பெற்றோலும் அமிலமும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒயில் மூடியைக் கழற்றினால் அடியில் தேங்காய்ப்பால் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருப்பது இதன் ஓர் அடையாளம்.

தலைமன்னாரிலிருந்து நகருக்கு நாள்தோறும் வந்துபோகும் கார் இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 30 கிலோமீற்றர் ஒரே சீராக ஓடுவதால் நீர் முழுதும் வெளியேறிவிடுகிறது. மாதம் ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடும் அந்தக் காரின் ஒயில், 4,000 மட்டுமே ஓடிய நகரத்துக் காரின் ஒயிலைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். வவுனியாவுக்கு சேர்விஸுக்குப் போகும் பயணமே பழைய ஒயிலுக்குக் கிடைக்கும் நல்ல மருந்து என்றால் அது மிகையல்ல.

ஹைபிரிட் கார்களில் ஒயில் சூடேறாத சிக்கல் இன்னும் கூடுதல். அக்குவா, அக்ஸியோ ஹைபிரிட், வெசல் போன்றவற்றில் மெதுவாக ஓடும்போது மோட்டாரே காரை இழுக்கும், எஞ்சின் நின்று நின்று இயங்கும். பெற்றோல் மிச்சமாகிறது, ஒயில் சூடேறுவதில்லை. எஞ்சின் கொஞ்ச நேரமே ஓடுவதால் ஒயில் கூடிய காலம் தாங்கும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. குறுகிய தூரப் பாவனையில் அது பிழை.

அடுத்தது மணல். மன்னார் தீவு பெரும்பாலும் மணற்பரப்பு. அந்த மணலில் குவாட்ஸ் மட்டுமன்றி இல்மனைற்று போன்ற கனமான கனிமங்களும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை, சோளகத்தை, நம்பியே 2020 இறுதியில் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் கொண்ட 100 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதே காற்று மணலைக் கிளப்பி வீதியில் கொட்டுகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய எஞ்சின் ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்றை உறிஞ்ச வேண்டும். அவ்வளவு காற்றுக்கும் இடையே நிற்பது ஒரு காகித வடிகட்டி மட்டுமே. குவாட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. தாங்கிகளில் ஒயில் படலத்தின் தடிப்பு சில மைக்ரோன்கள், மனித முடியோ சுமார் 70 மைக்ரோன். கண்ணுக்குத் தெரியும் மணல் வடிகட்டியில் நின்றுவிடும். படலத்தின் தடிப்பளவே உள்ள நுண்தூசிதான் உள்ளே புகுந்து உலோகத்தை அராவும். ஆகவே தீவில் ஒயிலுக்குக் கொடுக்கும் கவனத்தைக் காற்று வடிகட்டிக்கும் கொடுக்க வேண்டும். வடிகட்டியைக் காற்றடித்துத் தட்டித் தட்டித் திரும்பப் போடுவது சிக்கனம் அல்ல. பலத்த காற்று பட்டால் காகிதம் கிழியும், ஓரத்து இறப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால் மணல் அந்த இடைவெளியாலேயே போகும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவில் செம்மண் தூசிக்குள் ஏ.சி. போட்டபடி மணிக்கணக்கில் காத்திருக்கும் வான்களுக்கும் இது பொருந்தும். மீற்றர் ஓடாத அந்த மணிகளிலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

கைந்நூலில் 10,000 என்று பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணுக்குக் கீழே, அல்லது சில பக்கம் தள்ளி, இன்னோர் அட்டவணை இருக்கும். கடுமையான பாவனை என்று தலைப்பிட்ட அந்த அட்டவணை, திரும்பத் திரும்பக் குறுந்தூர ஓட்டம், தூசி நிறைந்த வீதி, நீண்ட நேரம் நின்றபடி இயங்குதல், பாரம் இழுத்தல் ஆகியவற்றைக் குறிப்பிட்டு இடைவெளியைப் பாதியாகக் குறைக்கிறது. ஜப்பானிய அட்டவணையில் 15,000 அப்போது 7,500 அல்லது ஆறு மாதம் ஆகிறது. இந்தியாவில் 10,000 என்று குறித்தவை 5,000 அளவுக்கு வரும். மன்னார்த் தீவின் பெரும்பாலான கார்கள் இந்த இரண்டாவது அட்டவணைக்கே உரியவை. எனவே 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது, என்பது இங்கே வியாபாரத் தந்திரம் அல்ல. குறைவாக ஓடும் காருக்கு அதில் முக்கியமானது ஆறு மாதம் என்ற பாதி. ஸ்டிக்கரில் பெரும்பாலும் எழுதப்படாமல் விடுபடுவதும் அதுவே.

அதே வேளை, நெடுந்தூரம் மட்டுமே ஓடும் ஒருவரிடமும் 5,000 என்று வற்புறுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் மெலிந்தது. அந்த எண் பழைய அமெரிக்க வழக்கமான 3,000 மைலின், அதாவது 4,828 கிலோமீற்றரின், நெருங்கிய உறவு. கனிம எண்ணெயும் கார்புரேட்டரும் இருந்த காலத்தில் அது நியாயமான கணக்கு. பிறகு செயற்கை எண்ணெய் வந்தது, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் தெளிப்பான் வந்தது, வழக்கம் மட்டும் மாறவில்லை. தேவையற்ற ஒயில் மாற்றத்தால் கழிவு எண்ணெய் பெருகுவதைக் கண்டு கலிபோர்னியா மாநில அரசே 3,000 மைல் வழக்கத்துக்கு எதிராகப் பிரசாரம் செய்தது.

சேர்விஸ் நிலையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இடைவெளி பற்றியதல்ல, ஊற்றப்படும் ஒயில் எது என்பது. புதிய ஜப்பானியக் கார்கள் பல 0டபிள்யூ-20 அல்லது அதைவிட மெல்லிய 0டபிள்யூ-16 ஒயிலுக்கென வடிவமைக்கப்பட்டவை. வெப்ப நாடு என்பதால் தடித்த ஒயில் நல்லது என்ற கருத்து பணிமனைகளில் இன்னும் கேட்கிறது. முதல் எண் குளிரில் ஒயில் பாயும் தன்மையையும், இரண்டாவது எண் 100 பாகைச் சூட்டில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. வெளியே 34 பாகையானாலும் 24 பாகையானாலும் சூடேறிய எஞ்சினின் உட்சூட்டைத் தெர்மோஸ்டாற் ஏறத்தாழ ஒரே அளவில் வைத்திருக்கும். கைந்நூல் அனுமதிக்கும் தடிப்புகளுக்குள் தேர்வு செய்யலாம், வெளியே போகக்கூடாது. தகரத்தில் ஏ.பி.ஐ. தரமும் பார்க்கப்பட வேண்டும். 2020இல் வந்த எஸ்.பி. தரம், சிறிய டர்போ எஞ்சின்களில் எரிபொருள் நேரம் தப்பி முன்கூட்டியே வெடிப்பதைத் தடுக்கும் சோதனைகளைக் கொண்டது. முழுச் செயற்கை என்ற சொல்லோ எதையும் உறுதிப்படுத்தாது. கச்சா எண்ணெயிலிருந்தே நன்கு சுத்திகரித்து எடுத்த எண்ணெயும் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. அதனால் அது மோசமான எண்ணெய் ஆகிவிடாது, பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு மட்டும் காரணமில்லை.

உத்தரவாதக் காலத்தில் கம்பனிப் பணிமனையைத் தவிர்ப்பது எளிதல்ல. அங்கீகாரம் பெற்ற இடத்தில்தான் சேர்விஸ் என்ற நிபந்தனை விதிக்கும் உத்தரவாதப் பத்திரங்கள் உண்டு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கட்டாயத்தைத் தடுக்கிறது. இலங்கையில் வாங்குபவர் கையொப்பமிடும் முன் பத்திரத்தைப் படிப்பதே முதல் காப்பு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடவும் வழியுண்டு, அதற்குப் பில்லும் சேர்விஸ் பதிவும் வேண்டும். உத்தரவாதம் முடிந்த காருக்கு, சரியான ஒயிலையும் பில்டரையும் வாங்கிக் கொடுத்து ஊர்க் கராஜில் கண்முன்னே மாற்றுவது முற்றிலும் போதுமானது. எஞ்சின் பிளஷ், ஒயிலில் கலக்கும் கூடுதல் திரவங்கள் ஆகியவற்றைக் கைந்நூல் கேட்காதவரை மறுத்துவிடலாம். சேர்மானங்கள் ஒயிலிலேயே அளவாகக் கலக்கப்பட்டிருக்கின்றன.

கறுத்த ஒயில் கெட்ட ஒயில் என்பதும் சரியல்ல. கரியை மிதக்க வைப்பதுதான் அதன் வேலை. டீசல் எஞ்சினில் புது ஒயில் சில நாட்களில் கறுத்துவிடும். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பழைய சோதனை உண்டு. டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஒரு நாள் வைத்தால், நல்ல ஒயிலின் கறை நடுவிலிருந்து ஓரம்வரை படிப்படியாக மங்கிப் பரவும். நடுவில் அடர்ந்த கரும்புள்ளி ஒதுங்கி, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் இருந்தால் பிரிக்கும் சேர்மானம் தீர்ந்துவிட்டது. மாதம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பார்ப்பது இதைவிடவும் பயனுள்ளது. அளவு குறைந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது அல்லது எங்கோ கசிகிறது. ஊற்றாமலே அளவு கூடினால் பெரும்பாலும் பெற்றோல் கலக்கிறது. பின்னதைக் கண்டால் கிலோமீற்றரைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

வடித்தெடுத்த ஒயில் எங்கே போகிறது என்பது தீவில் தனிக் கவலை. மன்னாரின் நன்னீர், மணலுக்குள் கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கும் மழைநீர். கிணறுகள் பல அதையே நம்பியிருக்கின்றன. மணலில் ஊற்றிய ஒயிலைத் தடுக்க அங்கே களிமண் அடுக்கு இல்லை. வேலிக்கட்டைக்கும் பனஞ்சிலாகைக்கும் கறையான் ஏறாமல் பழைய ஒயில் பூசும் வழக்கமும் உண்டு. எஞ்சினில் எரிந்த ஒயிலில் உலோகத் துகள்களோடு புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்வைகளும் சேர்கின்றன, அவை தோல் வழியாக உட்செல்லும். கையுறையின்றி அதைத் தொடக்கூடாது, கிணற்றடியில் கொட்டவே கூடாது. வந்த தகரத்திலேயே திரும்ப ஊற்றி, இறுக மூடி, பழைய ஒயில் சேகரிக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். பழைய பில்டரைத் துளையிட்டு ஓர் இரவு கவிழ்த்து வைத்தால், உள்ளே தங்கிய ஒயிலும் அதே தகரத்தில் வடிந்துவிடும்.