கிறித்தவத்தில் பரிசுத்தமும் உலகிலிருந்து பிரிந்திருத்தலும்

பரிசுத்தம் என்பது கடவுளுக்கென ஒதுக்கி வைக்கப்பட்ட நிலையைக் குறிக்கும் கிறித்தவக் கருத்தாகும். கத்தோலிக்கர் இதனைத் தூய்மை, புனிதம் ஆகிய சொற்களாலும் குறிப்பர். பரிசுத்தமாய் வாழ அழைக்கப்பட்டவர் உலகிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்பது விவிலியப் போதனை. பிரிந்திருத்தல் என்றால் என்ன என்பதற்குத் திருவண்ணாமலையிலும் திருப்பத்தூரிலும் வாழ்ந்து காட்டப்பட்ட இரு விடைகள் உண்டு.

சொற்பொருள்

எபிரேய மொழியில் பரிசுத்தத்தைக் குறிக்கும் சொல் 'கதோஷ்'. தனியே பிரிக்கப்பட்டது என்பது அதன் பொருள். பூசைக்கென வைத்த செம்பை வீட்டுச் சமையலுக்கு எடுப்பதில்லை. அது விலை உயர்ந்தது என்பதால் அன்று; அதற்கென்று ஒரு பணி இருப்பதால் தனியே வைக்கிறோம்.

'உலகம்' என்ற சொல் புதிய ஏற்பாட்டில் இரு பொருளில் வருகிறது. யோவான் நற்செய்தி 3:16 கூறும் உலகம், கடவுள் அன்பு செலுத்திய மக்கள். யோவானின் முதல் திருமுகம் 2:15 விலக்கச் சொல்லும் உலகம், பேராசையும் செருக்கும் ஆகும். எனவே பிரிய வேண்டியது தீய வழக்கங்களை விட்டே. மனிதர்களை விட்டு அன்று.

விவிலிய அடிப்படை

லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் பரிசுத்தராய் இருக்கும்படி கட்டளையிடுகிறது. அதே அதிகாரம், அறுவடையில் சிந்திய கதிரை ஏழைக்கு விடவும், கூலியை அன்றே கொடுக்கவும், எடையில் ஏமாற்றாதிருக்கவும் சொல்கிறது. யாக்கோபு 1:27 திக்கற்றோரையும் கைம்பெண்களையும் கவனிப்பதையும், உலகால் கறைபடாதிருப்பதையும் ஒரே வசனத்தில் இணைக்கிறது. யோவான் 17:15-இல் இயேசு, சீடர்களை உலகிலிருந்து எடுத்துவிட வேண்டாம், தீமையிலிருந்து காக்க வேண்டும் என்றே மன்றாடுகிறார்.

திருவண்ணாமலைக் குகைகள்

பிரான்சில் பிறந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி லெ சோ (1910–1973) 1948-இல் இந்தியா வந்தார். 1949-இல் இரமண மகரிசியைத் தரிசித்தார். 1950-இல் ஜூல் மொன்ஷானினுடன் சேர்ந்து, குளித்தலை அருகே காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தை நிறுவினார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரைச் சூடினார். 1950-களில் பலமுறை அருணாசல மலைக் குகைகளில் தங்கி மௌனத்தில் இருந்தார். இது விலகிச் சென்று தேடிய வழி.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம்

திருவண்ணாமலைக்கு வடமேற்கே உள்ள திருப்பத்தூரில் 1921-இல் மருத்துவர்கள் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். மணத்துறவு, எளிமை, கதர் உடை, மருத்துவப் பணி ஆகியவை அவர்கள் வழக்கம். ஸ்காட்லாந்துக்காரரான பேட்டன் 1932-இல் சென்னையில் கதர் உடையில் சென்றபோது காவலர்களால் தாக்கப்பட்டார். ஆளும் இனத்தாருடன் சேராமல் பிரிந்திருத்தலுக்கு அவர் கொடுத்த விலை அது. இது மக்கள் நடுவே நின்று கடைப்பிடித்த வழி.

மதிப்பீடு

பிரிந்திருத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது பிறரைத் தாழ்வாக எண்ணும் தீட்டுணர்வாக மாறும். சாதிப் பிரிவினைக்குப் பழகிய நம் சமூகத்தில் இந்த ஆபத்து அதிகம். குகையில் இருந்தவரும் மருத்துவமனையில் இருந்தவர்களும் துறந்தது சொந்த வசதியையும் பெருமையையும், அயலாரை அன்று. பரிசுத்தத்தைச் சோதித்தறியும் அளவுகோல் இதுவே.